பெயரைச் சொல்லாதே, திறந்து கொடு

ஒரு பில்லிங் கோப்பு அழிந்துபோன கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ரத்தக்கொதிப்பை வரவழைக்கக்கூடிய கதை. அதனால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும். :-)

அமெரிக்காவில் டைம்ஷேர் என்று ஒரு நிறுவனம் இருந்தது. பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதன் நேரத்தைப் பல வாடிக்கையாளர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர்கள் தொழில். 1970களில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் ஏது? வாடகை சைக்கிள் மாதிரி வாடகை கம்ப்யூட்டர். அங்கே ஒரு கம்பைலர் இருந்தது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அதன் வேலை. அந்த வேலையோடு வேலையாக, மொழியின் எந்தெந்த அம்சங்களை ஜனங்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு கோப்பில் புள்ளிவிவரமும் குறித்துக்கொள்ளும். அந்தக் கோப்பு நிறுவனத்தின் சொந்த டைரக்டரியில் இருந்தது. சாதாரண வாடிக்கையாளர் அங்கே கைவைக்க முடியாது. ஆகவே கம்பைலருக்கு மட்டும் அந்த டைரக்டரியில் எழுத விசேஷ அனுமதி கொடுத்திருந்தார்கள்.

வாடிக்கையாளர்களின் பில் விவரங்கள் இருந்த கோப்பும் அதே டைரக்டரியில்தான் இருந்தது. இங்கேதான் வினை.

கம்பைலரில் இன்னொரு வசதி. "பிழைதிருத்தக் குறிப்புகளை இந்தக் கோப்பில் எழுது" என்று ஒரு கோப்பின் பெயரைச் சொல்லலாம். ஒரு வாடிக்கையாளர் அந்த இடத்தில் பில் கோப்பின் பெயரைச் சொன்னார். கம்பைலர் இயங்குதளத்திடம் போய் "இதைத் திற" என்றது. இயங்குதளம் யோசித்தது: கேட்பது யார்? கம்பைலர். இந்த டைரக்டரியில் எழுத அனுமதி உண்டா? உண்டு. திறந்து கொடுத்தது. பில் விவரங்கள் காலி.

இந்தக் கதையை நார்ம் ஹார்டி என்பவர் 1988-ல் ஒரு குட்டிக் கட்டுரையாக எழுதினார். முக்கியமில்லாத விவரங்களை மாற்றியிருக்கிறேன், மற்றபடி கிட்டத்தட்ட நடந்ததுதான் என்ற முன்னுரையோடு. கட்டுரைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'குழம்பிப்போன குமாஸ்தா' என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, தப்பு யார் மேல்? வாடிக்கையாளர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, ஒரு பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். கம்பைலர் சொன்ன வேலையைச் செய்தது. இயங்குதளம் அனுமதியைச் சரிபார்த்தே திறந்தது. ஆடிட்டர் வந்து ஒவ்வொருவராக விசாரித்தால் எல்லோரும் சட்டப்படி சரி. கணக்கு மட்டும் இல்லை!

கொஞ்சம் நின்று பார்த்தால், கம்பைலர் குமாஸ்தாவிடம் இரண்டு அதிகாரங்கள் இருந்தன. ஒன்று, நிறுவனம் புள்ளிவிவரத்துக்காகக் கொடுத்தது. மற்றொன்று, வாடிக்கையாளருக்காக அவருடைய கோப்பில் எழுதும் அதிகாரம். "இந்தப் பெயரில் எழுது" என்று வெறும் பெயர் வந்தபோது, அதை எந்த அதிகாரத்தின் பேரில் திறப்பது என்று அந்தப் பெயரில் எழுதியிருக்கவில்லை. இயங்குதளம் எது பெரிய அதிகாரமோ அதை எடுத்துக்கொண்டது.

இது கம்ப்யூட்டரில் மட்டும் நடக்கிற கூத்தா என்ன? வீட்டில் பெரியவருக்கு ஐந்நூறு ரூபாய் வேண்டும். கால்வலி. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஏ.டி.எம். கார்டைக் கொடுத்து, பின் நம்பரையும் காதில் சொல்லி, "ஐந்நூறு எடுத்துட்டு வாப்பா" என்கிறார். பையன் நல்லவன்தான். ஆனால் அவன் கையில் இருப்பது ஐந்நூறு ரூபாய் எடுக்கும் அதிகாரம் இல்லை. பெரியவரின் மொத்த சேமிப்பு. வழியில் கார்டு தொலைந்தாலும், பையனே ஒரு சைபரைக் கூடத் தட்டிவிட்டாலும் மெஷின் கேள்வி கேட்காது. அதுவே ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு செக் எழுதிக் கொடுத்திருந்தால்? பையன் தலைகீழாக நின்றாலும் ஐந்நூறுக்கு மேல் வராது.

யூனிக்ஸ் உலகத்தில் அந்த செக்குக்குக் கிட்டத்தட்ட சமமான ஒரு சாமான் இருக்கிறது. பெயர் ஃபைல் டிஸ்க்ரிப்டர்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய இயங்குதளம் யூனிக்ஸ். அதில் ஒரு புரோகிராம் ஒரு கோப்பைப் படிக்கவோ எழுதவோ வேண்டுமென்றால் முதலில் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் நடுநாயகம், அனுமதியைச் சரிபார்க்கும். சரியென்றால் திறந்து, ஒரு சின்ன எண்ணைக் கையில் கொடுக்கும். அதுதான் டிஸ்க்ரிப்டர். 0 என்றால் உள்ளே வருவது, 1 வெளியே போவது, 2 பிழைச்செய்திகள் போவது. இந்த மூன்றும் வழக்கமாகப் பிறக்கும்போதே கூட வந்துவிடும். அப்புறம் திறப்பதெல்லாம் 3, 4, 5 என்று வரிசையாக. கோப்பு மட்டும் இல்லை, நெட்வொர்க் இணைப்பு, பைப், டெர்மினல் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி எண்தான்.

கவனிக்க வேண்டிய விஷயம் இது. சாதாரணக் கோப்புகளுக்கு அனுமதிச் சோதனை திறக்கும்போது ஒரே ஒருமுறை. அப்புறம் ஒவ்வொரு வரி படிக்கும்போதும் "நீ யார், உனக்கு உரிமை உண்டா" என்று அனுமதியை மறுபடி பார்ப்பதில்லை. திறந்த டிஸ்க்ரிப்டரே உரிமைச் சீட்டு. அந்தச் சீட்டிலேயே வரம்பும் எழுதியிருக்கும். படிக்க மட்டும் திறந்திருந்தால் அந்தச் சீட்டை வைத்துப் படிக்க மட்டும்தான் முடியும்.

அப்படியானால் அந்த எண்ணை இன்னொரு புரோகிராமிடம் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கிற 7-ஆம் நம்பர் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் ஸ்டாண்டில் போய் "ஏழு" என்றால் வேறு யார் சைக்கிளோ வரும், அல்லது அடி விழும். :-) ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி டோக்கன் பட்டியல். எண்ணுக்கு அந்தப் பட்டியலுக்கு வெளியே அர்த்தம் கிடையாது.

திறந்ததைக் கைமாற்ற யூனிக்ஸில் முக்கியமாக இரண்டு வழிகள். முதல் வழி பரம்பரைச் சொத்து. ஒரு புரோகிராம் குழந்தையைப் பெற்றால் அப்பாவின் திறந்த டிஸ்க்ரிப்டர்கள் குழந்தைக்கும் வந்துவிடும். யூனிக்ஸ் ஷெல்லில் கட்டளைகளைக் குழாய் போட்டு இணைக்க முடிவதே இதனால்தான். ஆனால் சொத்து கீழ்நோக்கி மட்டும்தான் போகும். ஏற்கெனவே தனியாக ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாம் மனிதருக்குக் கொடுக்க முடியாது.

இரண்டாவது வழி 1983-ல் வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 4.2 பி.எஸ்.டி. பதிப்பில், ஒரே மெஷினுக்குள் ஓடும் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகச் செய்தியோடு சேர்த்து டிஸ்க்ரிப்டரையும் அனுப்பலாம் என்றார்கள். அனுப்பும்போது எண் போகவில்லை. கெர்னலே நடுவில் நின்று, 'இவர் திறந்து வைத்திருக்கும் இதே பொருளுக்கு அவர் பட்டியலிலும் ஒரு டோக்கன் போடு' என்று பதிவு செய்கிறது. இங்கே 4 என்று இருந்தது அங்கே 11 என்று இருக்கலாம். பொருள் ஒன்றுதான். இன்றைக்கு இந்த வசதியின் பெயரில் 'ரைட்ஸ்' என்ற சொல்லே இருக்கிறது: எஸ்.சி.எம். ரைட்ஸ். பெயர் வைத்தவர்களுக்குத் தாங்கள் கைமாற்றுவது உரிமை என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு வேடிக்கையும் உண்டு. அனுப்பியவர் அனுப்பிய கையோடு தன் டோக்கனை மூடிவிட்டார், பெறுபவர் இன்னும் தபாலைப் பிரிக்கவில்லை. அந்த நேரத்தில் கோப்பு யாரிடம் இருக்கிறது? யாரிடமும் இல்லை, வழியில் இருக்கிறது. ஆனாலும் திறந்தே இருக்கும். கெர்னல் பொறுப்பாக வைத்துக்கொள்ளும். 'கூட்ஸ் இன் டிரான்ஸிட்' என்று அக்கவுன்ட்ஸில் வருமே, அதேதான்!

இனி டீமன். பின்னணியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். 1963 வாக்கில் எம்.ஐ.டி.யின் ப்ராஜெக்ட் மேக் குழு வைத்த பெயர். இயற்பியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதத்தின் நினைவாக. விளக்கைத் தேய்க்காமலேயே வேலை செய்யும் பூதம்.

டீமன்களுக்குத் திறந்த கதவுகளைக் கொடுப்பது பழைய வழக்கம். 4.3 பி.எஸ்.டி.யில் 1986-ல் இனெட்டி என்ற டீமன் வந்தது. பல கதவுகளில் அதுவே காத்திருக்கும். யாராவது வந்தால் அந்த வேலைக்கான புரோகிராமை எழுப்பி, வந்த இணைப்பையே அதன் 0, 1, 2 ஆக மாட்டிவிடும். எழுந்த புரோகிராமுக்கு நெட்வொர்க் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். படி, எழுது, போய்த் தூங்கு. ஆப்பிள் 2005-ல் லாஞ்ச்டி என்று இதே யோசனையைப் பெரிதாக்கியது. 2010-ல் லென்னார்ட் போட்டரிங் அறிவித்த சிஸ்டம்டி, லினக்ஸில் அதை மெஷின் எழும்போதே செய்ய ஆரம்பித்தது. காத்திருக்கும் சாக்கெட்களை முதலில் தானே திறந்து வைத்துக்கொண்டு, பிறகு சர்வீஸ்களை எழுப்பி, 3-ஆம் எண்ணிலிருந்து வரிசையாகக் கொடுத்துவிடும்.

சிஸ்டம்டியில் எதிர்த்திசையும் உண்டு. சர்வீஸ் தன்னிடம் திறந்திருப்பவற்றை சிஸ்டம்டியிடம் கொடுத்து வைக்கலாம். எதற்கு? அந்த சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி செத்துப் பிழைக்க வேண்டும். செத்தால் கையில் இருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும், கியூவில் நிற்கும் வாடிக்கையாளர்கள் கலைந்துவிடுவார்கள். அதனால் போகும் முன் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுகிற மாதிரி டிஸ்க்ரிப்டர்களை விட்டுவிட்டுப் போகிறது. திரும்ப எழுந்ததும் "இந்தா உன் குழந்தை" என்று அதே 3-லிருந்து தொடங்கும் வரிசையில் திரும்ப வருகின்றன.

முன்பெல்லாம் இதற்கு சி மாதிரி மொழியில் கொஞ்சம் நிரல் எழுத வேண்டும். 2023-ல் வந்த சிஸ்டம்டி 254-ஆம் பதிப்பில் இதைக் கட்டளை வரியிலிருந்தே செய்ய வசதி வந்தது. சிஸ்டம்டி-நோட்டிஃபை என்று ஏற்கெனவே ஒரு சின்னக் கருவி இருந்தது, "நான் தயார்" என்று மேலிடத்துக்குச் சேதி சொல்வதற்காக. அதற்கு இப்போது எஃப்டி என்று ஒரு ஆப்ஷன். சர்வீஸாக ஓடும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், ஒரு கோப்பை 4-ஆம் எண்ணில் திறந்து, கருவியிடம் "4-ஐ அனுப்பு, பத்திரமாக வைக்கச் சொல்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அடையாளத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டும் ஒட்டலாம்.

அந்த ஒரு வரியில் மேலே சொன்ன இரண்டு வழிகளும் இருக்கின்றன. கோப்பைத் திறப்பது ஷெல். கருவி அதன் குழந்தை, ஆகவே 4 பரம்பரையாக வருகிறது. கருவி அதை சாக்கெட் வழியாக டீமனுக்கு அனுப்புகிறது. அப்பாவிடமிருந்து வாங்கி அயலாரிடம் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிற தூதுவன். கடைசிவரை கோப்பின் பெயர் யாருக்கும் அனுப்பப்படவே இல்லை.

டீமனும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காது. ஒரு சர்வீஸ் எத்தனை டிஸ்க்ரிப்டர்களைக் கொடுத்து வைக்கலாம் என்று அமைப்புக் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கணக்கு பூஜ்யம், எதையும் ஏற்காது. அந்த சர்வீஸில் யார் யார் இப்படிச் சேதி அனுப்பலாம் என்பதற்கும் தனியாக ஒரு விதி. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளும் முறை இன்னும் அழகு. கருவி ஒரு பைப்பைத் திறந்து அதன் ஒரு முனையையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். முந்தைய சேதிகளை முடித்துவிட்டு டீமன் அந்த முனையை மூடும். மூடியது தெரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டுத் தருகிற அக்னாலட்ஜ்மென்ட் கார்டு மாதிரி, வெறும் மூடுவதே ரசீது.

இந்த உத்தியால் உலகத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஓபன் எஸ்.எஸ்.எச். ஒரு நல்ல பதில். தூரத்து மெஷின்களுக்குள் நுழைய உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருள். 2002-ல் நீல்ஸ் ப்ரோவோஸின் வேலையால் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எல்லா அதிகாரமும் உள்ள சின்னக் கண்காணிப்பாளர் ஒன்று, வெளியுலகத்தோடு பேசும் அதிகாரமில்லாத பகுதி ஒன்று. வெளியே பேசுகிற பகுதிக்கு ஒரு டெர்மினல் தேவைப்பட்டால், கண்காணிப்பாளர் தானே திறந்து, டிஸ்க்ரிப்டரை மட்டும் நீட்டும். யாராவது வெளியே இருப்பதை ஏமாற்றிப் பிடித்தாலும் கையில் சிக்குவது அந்தச் செக் மட்டும்தான், ஏ.டி.எம். கார்டு இல்லை.

இதுவரை எல்லாம் இனிப்பு. கசப்பையும் சொல்லியாக வேண்டும்.

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. டிஸ்க்ரிப்டரை அனுப்பிய பிறகு மனம் மாறி, கோப்பின் அனுமதிகளை எல்லாம் பறித்தாலும் அங்கே படிப்பது நிற்காது. சோதனை திறந்தபோதே முடிந்துவிட்டது. கோப்பையே அழித்தாலும் டைரக்டரியிலிருந்து பெயர்தான் போகும். யாராவது திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருக்கும் சரக்கு வட்டில் அப்படியே இருக்கும். செர்வர் பார்ப்பவர்கள் நடுராத்திரியில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு கேஸ் இது. பெரிய லாக் கோப்பை அழித்தாகிவிட்டது, வட்டில் இடம் மட்டும் கூடவே இல்லை! எங்கோ ஒரு டீமன் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. கைமாற்றிய டிஸ்க்ரிப்டர் நகல் இல்லை, அதே திறப்பு. ஒரே புத்தகம், ஒரே புக்மார்க். பெற்றவர் பத்து வரி படித்தால் கொடுத்தவருக்கும் பதினோராவது வரியிலிருந்துதான் வரும். இது தெரியாமல் இருவரும் படிக்க ஆரம்பித்தால் இருவருக்கும் பாதிப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

செக் உதாரணம் இங்கேதான் நொண்டுகிறது. 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், பேரர் செக் கையில் கொடுத்தாலே கைமாறிவிடும். யார் கையில் இருக்கிறதோ அவர் போய்க் கேட்கலாம். டிஸ்க்ரிப்டரும் அப்படித்தான். வாங்கியவர் இன்னொருவருக்கு அனுப்பலாம், அவர் வேறொருவருக்கு. ஆனால் செக்கைக் கொடுத்தவர், அது பணமாகும் முன் வங்கிக்குப் போய் 'ஸ்டாப் பேமென்ட்' சொல்லலாம். குறுக்கே இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்றும் எழுதலாம். சாதாரணக் கோப்பின் டிஸ்க்ரிப்டருக்கு அந்த இரண்டு கோடு கிடையாது. கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும்: எதைத் திறக்கிறோம், படிக்கவா எழுதவா, யாரிடம் நீட்டுகிறோம். கொடுத்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

அப்படியிருந்தும் இது ஏன் நல்ல வழி? டைம்ஷேர் கதைக்கே திரும்பப் போகலாம். அந்த வாடிக்கையாளர் பெயரைச் சொல்லாமல், தன் சொந்த அதிகாரத்தில் கோப்பைத் திறந்து, திறந்ததைத்தான் கம்பைலரிடம் கொடுக்க வேண்டும் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பில் கோப்பைத் திறக்கப் போயிருப்பார். இயங்குதளம் "உனக்கு அனுமதி இல்லை" என்று வாசலிலேயே நிறுத்தியிருக்கும். கொடுக்க அவர் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. கம்பைலருக்குக் குழம்புவதற்கு வாய்ப்பே இல்லை. தன்னிடம் இல்லாததை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது வணிகச் சட்டத்தில் முதல் வருடமே படிக்கிற பாடம். 1988-ல் ஹார்டி சொல்ல வந்ததும் அதற்கு ரொம்ப தூரம் இல்லை.

குமாஸ்தா நல்லவரா கெட்டவரா என்பது இதில் கேள்வியே இல்லை. நல்ல குமாஸ்தாவும் குழம்புவார். அவர் குழம்பினாலும் பேரேடு பிழைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதனால் ஒரு நன்மை உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. பின் நம்பர் தெரிந்தவன் என்றைக்காவது கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் முதல் சந்தேகத்துக்கு ஆளாவான். செக் கொண்டுபோனவனிடம் கேட்க ஒரு கேள்விதான்: ஐந்நூறு கொடுத்தாயா? கொடுத்துவிட்டான் என்றால் முடிந்தது. அவன் நிம்மதியாகக் கிரிக்கெட் ஆடப் போகலாம்.

அதனால் பெரியவர்களே, அடுத்த முறை பையனைக் கூப்பிடும்போது செக் புத்தகத்தைத் தேடுங்கள். கால்வலி இருக்கத்தான் செய்யும், என்றாலும் அலமாரி வரைதானே. :-)